தாமிரபரணி: குளோரினைக் கூட்டினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாமிரபரணியில் சாக்கடை கலப்பது பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், ‘குளோரின் கலந்துதான் விநியோகிக்கிறோம்’ என்ற பதிலும் வந்துவிடுகிறது. 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்த பிறகும் அதே பதில்தான். சாக்கடை கலந்த தண்ணீரில் குளோரின் என்ன ஆகிறது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலியின் குடிநீருக்குக் குறுக்குத்துறை, கொண்டாநகரம் போன்ற இடங்களில் ஆற்றுப் படுகையில் உள்ள உறைகிணறுகளிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறார்கள். மேலே உள்ள மணல்தான் வடிகட்டி. மணல் அள்ளி மெலிந்துபோன படுகையில், சாக்கடையின் வழவழப்பான சேறு மணல் இடுக்குகளை அடைத்துவிடுகிறது. அங்கே காலால் கிளறிப் பாருங்கள். அடியில் மணல் கறுத்திருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆக்சிஜன் இல்லாவிட்டால் மணலில் உள்ள இரும்பு கரைந்து கிணற்றுக்கு வரும். ராத்திரி தெளிவாகப் பிடித்து வைத்த தண்ணீர் காலையில் செம்பழுப்பாக மாறுவது இதனால்தான். இதைவிட மோசம், சிறுநீர் வழி வரும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறாமல் அப்படியே கிணற்றுக்குள் இறங்குவது.

அம்மோனியா குளோரினைத் தின்றுவிடும். நல்ல தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போதும். 1 லட்சம் லிட்டர் தொட்டிக்கு 33 சதவீதம் வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் 600 கிராம். அதே தண்ணீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருந்தால், அதைத் தீர்க்க மட்டுமே 10 மில்லிகிராம் வரை குளோரின் வேண்டும். அதாவது 3 கிலோ பவுடர். மூட்டையைப் பிரித்து ஈரக்காற்றில் வைத்திருந்த பவுடரானால் இன்னும் கூடுதல். வழக்கம்போல் 600 கிராம் கலக்கும் தொட்டியில், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின்தான் மிஞ்சும். கிருமியைக் கொல்வதில் அது மிக மந்தம்.

குளோரின் அளவை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் சோதனையிலும் இங்கேதான் ஏமாந்து போகிறோம். ஆர்த்தோ டாலிடின் சொட்டு விட்டதும், 10 விநாடிக்குள் வரும் மஞ்சள்தான் தனிக் குளோரின், அதாவது அம்மோனியாவோடு சேராமல் மிஞ்சியது. ஐந்து நிமிடம் கழித்துக் கூடும் மஞ்சள் குளோரமின். டேங்க் ஆபரேட்டர் சோதனைக் குழாயை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, பிறகு வந்து பார்த்து ‘0.5 இருக்கு’ என்று எழுதினால், அந்தத் தெருவில் தனிக் குளோரின் சுத்தமாக இல்லாமலே இருக்கலாம். அவர் மீது குற்றமில்லை, இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே அடைக்க வேண்டிய இடம் சாக்கடை ஓடை ஆற்றில் விழும் வாய். உறைகிணறுகளுக்கு மேல்புறம் உள்ள ஓடைகளை முதலில் மறித்து, சேகரிப்புக் கிணற்றில் விட்டு, சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பம்ப் செய்ய வேண்டும். இப்படிப்பட்ட பம்புகள் பெரும்பாலும் இரண்டு காரணத்தால் நிற்கின்றன: இம்பெல்லரில் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) துணி சுற்றிக்கொள்வது, கரண்ட் போவது. இரண்டிலும் கிணறு நிரம்பி வழிந்து, சாக்கடை பழையபடி ஆற்றுக்கே போகும். முன்னால் கம்பிச் சல்லடை, அதைத் தினமும் வாரி எடுக்க ஆள், மாற்றுப் பம்பு, ஜெனரேட்டர் ஆகிய நான்கும் இல்லாமல் திறப்பு விழா நடத்தக் கூடாது.

கோடையில் ஆறு சுருங்கும், சாக்கடை சுருங்காது. அதற்கு முன்பாக, ஒவ்வொரு உறைகிணற்றிலும் அம்மோனியா எவ்வளவு, கடைக்கோடித் தெருக் குழாயில் தனிக் குளோரின் எவ்வளவு என்ற இரண்டு எண்களை மாநகராட்சி தினமும் வெளியிட வேண்டும். குடிநீர்த் தரப்படி முதல் எண் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இரண்டாவது 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. தாண்டினாலோ குறைந்தாலோ, அன்றைக்கே அந்தப் பகுதிக்குக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அறிவிப்புப் போக வேண்டும்.

இப்படிக்கு,
குடிநீர்ப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற வாசகர்கள்,
பாளையங்கோட்டை.