திருப்பி அனுப்பிய மூன்று பிள்ளைகள்

அன்புத் தங்கைக்கு,

புதன்கிழமை இரவு நீ தொலைபேசியில் அழுதபோது நான் அதிகம் பேசவில்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன், சுற்றிலும் ஆட்கள். உனக்குச் சொல்ல வேண்டியது நின்றுகொண்டே பேசி முடிக்கக்கூடியதும் இல்லை. அதனால் எழுதுகிறேன். இந்த வருடம் துணை சுகாதார நிலையங்களில் நர்ஸாகப் பொறுப்பேற்ற மற்றப் பெண்களும் படிக்கட்டும் என்று உன் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டேன்.

நீ சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. மூன்று வாரத்துக்கு முன்பு ஆறாவது வாரத் தடுப்பூசி போட்ட ஒரு குழந்தைக்கு அன்று இரவு காய்ச்சல் அடித்தது. மறுநாள் காலை அதன் அப்பா அங்கன்வாடி வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி உன்னைத் திட்டினார். 'என் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நீ இந்த ஊரைத் தாண்டியிருக்க மாட்டாய்' என்றார். குழந்தைக்கு அன்று மாலையே காய்ச்சல் விட்டுவிட்டது. உனக்குத்தான் இன்னும் விடவில்லை. இந்தப் புதன் மூன்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது. ஒன்றுக்குக் காலையிலிருந்து இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு அன்று வந்தது அது ஒன்றுதான், ஐந்து பேருக்கான குப்பியை ஒரு பிள்ளைக்காக உடைப்பதா என்று விட்டுவிட்டாய்.

மூன்று பேருக்கும் ஊசி போட்டிருக்க வேண்டும். உன் மனம் நோகும் என்று இதை நான் மழுப்பினால், உனக்கும் நல்லதில்லை, அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லதில்லை.

பெற்றோர் 'வேண்டாம்' என்றால் நாம் பதிவேட்டில் எழுதுகிறோம். என்ன காரணம் சொன்னார்கள், எத்தனை முறை போய்ப் பேசினோம் என்று மேலே தெரிவிக்கிறோம். மருத்துவ அலுவலர் நேரில் வருகிறார், ஊர்ப் பெரியவர்கள் வருகிறார்கள். நாமே 'அடுத்த வாரம் தூக்கி வா' என்று சொல்லி அனுப்பும் பிள்ளைக்குப் பதிவேட்டில் ஒரு பத்தி கிடையாது. 27 வருடம் இந்த வேலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். என் பகுதியில் பெற்றோர் மறுத்ததால் ஊசி தவறிய பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் வாயால் ஒரு காரணம் கேட்டுத் திரும்பிப் போய், அப்புறம் வராமலே போனவர்கள்தான் அதிகம்.

நானும் அனுப்பியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம். செங்கல் சூளையிலிருந்து ஒரு பெண் ஒன்பது மாதக் குழந்தையோடு வந்தாள். நகக்கண்ணில் எல்லாம் செம்மண் காய்ந்திருந்தது. ஆயிரம் கல் அறுத்தால் இவ்வளவு என்று கூலி, அரை நாள் வேலையை விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தாள். குழந்தைக்குச் சளி. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், லேசாகச் சூடு இருப்பது போலத் தோன்றியது. 'சளி போகட்டும், அடுத்த புதன் வா' என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நர்ஸம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் நான் சூளைக்குப் போனபோது மழைக்கு முன்பே கணக்கு முடித்து அந்தக் குடும்பம் கிளம்பிவிட்டிருந்தது. எந்த ஊர் என்று மேஸ்திரிக்கும் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பிறகு ஊசி கிடைத்ததா, அம்மை வந்ததா, எனக்குத் தெரியாது. அந்த வருடப் பதிவேட்டில் தட்டம்மைக்கான கட்டம் வெற்றாக இருக்கும். நான் அங்கிருந்து மாறி வந்து எத்தனையோ வருடம் ஆகிறது, அந்தக் கட்டம் மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பயிற்சியில் உனக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சளி, லேசான காய்ச்சல், லேசான வயிற்றுப்போக்கு, ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பது, எடை குறைவு, குறைமாதப் பிரசவம், குடும்பத்தில் யாருக்கோ வலிப்பு இருந்தது, இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்துதான் வயதுக் கணக்கு. மெலிந்த பிள்ளையைப் பார்த்தால் நமக்குக் கை நடுங்குகிறது, ஆனால் தட்டம்மை வந்தால் நிமோனியாவும் பேதியும் முதலில் பிடிப்பது அந்தப் பிள்ளையைத்தான். நிறுத்த வேண்டிய காரணங்கள் மிகச் சில. முந்தைய தவணைக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால், கக்குவான் மருந்து சேர்ந்த ஊசிக்குப் பிறகு ஏழு நாளுக்குள் மூளை பாதிப்பு ஏற்பட்டிருந்தால், எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றிய குழந்தைக்கு உயிருள்ள கிருமியைக் கொண்ட மருந்து என்றால் நிறுத்து, மருத்துவரிடம் அனுப்பு. கடுங்காய்ச்சலில் துவண்டு கிடக்கும் பிள்ளையையும் முதலில் மருத்துவர் பார்க்கட்டும், தேறியதும் ஊசி. தவணை தவறிப் பிந்தி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினாய் என்றால், அங்கே முடிவெடுத்தது உன் பயம்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நம் மாநிலமே ஒரு முறை அப்படிப் பயந்தது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்த வாரம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்தோம். அதன்பின் ஊருக்குள் போய் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும்தான் என்றானது. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற நிலையத்துக்குக் கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வர எத்தனை பேரால் முடியும்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 2005-06இல் தமிழ்நாட்டில் எல்லா அடிப்படை ஊசியும் பெற்ற பிள்ளைகள் நூற்றுக்கு 81 பேர். 2015-16இல் அது 70. அந்த ஒரு முடிவுதான் முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வர முடியாமல் நின்றுபோன தாய்மார்களை நான் பெயர் பெயராக அறிவேன். 2019-21 கணக்கெடுப்பில் 89 ஆக ஏறியது. அந்த ஏற்றத்தில், மறுபடி ஊருக்குள் போய் அங்கன்வாடி அங்கன்வாடியாக ஐஸ் பெட்டி சுமந்த பெண்களின் தோள் வலி இருக்கிறது.

பயமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த வேலையில் பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதை உனக்குக் காட்டவே பசிபிக் கடலில் இருக்கும் சமோவா தீவின் கதையைச் சொல்கிறேன். 2018 ஜூலையில் அங்கே ஒரு மருத்துவமனையில் தட்டம்மைத் தடுப்பு மருந்துப் பொடியைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தைத் தவறுதலாகக் கலந்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசி போட்ட இரண்டு செவிலியர்களுக்கும் ஐந்தாண்டுச் சிறை. அரசு அந்தத் தடுப்பூசியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது, மறுபடி தொடங்கியபோதும் மக்கள் வரவில்லை. மறு வருடம் தட்டம்மை வந்தது. இரண்டு லட்சம் பேர் மட்டுமே வாழும் நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். டிசம்பரில் நாட்டையே இரண்டு நாள் மூடிவிட்டு, ஊசி போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள், செவிலியர்கள் வீடு வீடாகப் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நம் ஊரில் அம்மை கண்ட வீட்டு நிலைப்படியில் செருகும் வேப்பிலைதான் நினைவுக்கு வந்தது.

அதனால் பயத்தைக் கரைப்பு நீரிடம் வை. காசநோய்த் தடுப்பு மருந்தான பி.சி.ஜி.க்கும் தட்டம்மை ரூபெல்லாவுக்கும் அந்தந்த மருந்தோடு வந்த கரைப்பு நீர் மட்டும்தானா என்று ஆம்பூலைக் கையில் பிடித்து, வாய்விட்டுப் பெயரைப் படி. தேதியைப் படி. வேறு எந்த மருந்தும் அந்த ஐஸ் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. கரைத்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுது, நான்கு மணி நேரம் தாண்டினால் எவ்வளவு மிச்சமிருந்தாலும் எந்தப் பிள்ளைக்கும் போடக் கூடாது. அவசர மருந்துப் பெட்டியில், கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று ஒவ்வொரு புதனும் பார். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும், அந்த ஒன்றுக்காகத்தான் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம். இங்கெல்லாம் உன் பயம் ஒரு பிள்ளையைக் காக்கும். ஒழுகும் மூக்கைப் பார்த்துப் பயந்தால் யாரையும் காக்காது.

குப்பி விஷயம். ஒரு பிள்ளைக்கு உடைத்தால் நான்கு தவணை வீண், மேலே கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தாய். கேட்கட்டும். ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திற என்பதுதான் விதி. வீணாவதையும் கணக்கில் சேர்த்துத்தான் மருந்து அனுப்புகிறார்கள், பி.சி.ஜி.யில் பாதிவரை வீணாகலாம் என்றே வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் சேரட்டும் என்று நீ காத்திருக்கும் வாரங்களில் தட்டம்மை காத்திருக்காது. தடுப்பு இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும் நோய் அது, நோயாளி எழுந்துபோன அறையின் காற்றிலும் இரண்டு மணி நேரம் வரை தங்கும்.

இன்னொன்றும் நீ கேட்டாய். ஆறாவது வாரத்தில் இரண்டு தொடையிலும் ஒவ்வொன்று, வலது கையில் ஒன்று, மூன்று ஊசியையும் ஒரே நாளில் போடாமல் பிரித்துப் போட்டால் என்ன என்று. 'பால்மணம் மாறாத பிள்ளைக்கு மூன்று குத்தா' என்று பாட்டிமார் கேட்கும்போது எனக்கும் மனம் இளகும். பிரிக்காதே. நீ பிரித்து வைக்கும் இரண்டாம் நாள் அந்தத் தாயிடம் இருக்கிறதா என்று உனக்குத் தெரியாது. வலியைக் குறைக்க நம்மால் ஆவது உண்டு. சொட்டு மருந்துகளை முதலில் கொடு. தாய் மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும், ஒரு கையால் குழந்தையின் காலை முழங்காலுக்கு மேல் அணைத்துப் பிடிக்கட்டும். கையில் போலியோ ஊசி போடும்போது தோலுக்குள் மருந்து சரியாகப் போனால் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மேடு எழும். அதைத் தாய்க்குக் காட்டு, 'இது கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும், தேய்க்க வேண்டாம்' என்று சொல். கண்ணால் பார்த்ததைப் பற்றி யாரும் அவளைப் பயமுறுத்த முடியாது.

2017இல் தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் நம்பி, பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். அப்போது ஒரு தாய் என்னிடம் ஒரு தாளை நீட்டி, 'ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்' என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. 'ஒன்றுமே ஆகாது என்று எழுத மாட்டேன்' என்றேன். 'கை வலிக்கும். ஏழெட்டு நாள் கழித்துக் காய்ச்சல் வரலாம், மேலில் லேசாகத் தடிப்பும் வரலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். இதை எழுதித் தருகிறேன், கீழே என் செல்போன் எண்ணையும் எழுதித் தருகிறேன்' என்றேன். தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிள்ளையின் சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டாள்.

உன்னைத் திட்டிய அந்த அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஊசிக்கு வந்தது பாட்டியும் தாயும். நீ காய்ச்சல் வரும் என்று தாயிடம் சொல்லி, பாராசிட்டமால் சொட்டும் கொடுத்தாய். அவர் வேலை முடிந்து வந்தபோது குழந்தை அனலாகக் கொதிக்கிறது, வீட்டில் பெண்கள் பயந்து பேசாமல் இருக்கிறார்கள். அந்த இரவை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்று நினைத்துப் பார். நீ அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரை அழைத்துக்கொண்டு, அவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போ. உன் பக்க நியாயத்தை முதலில் எடுக்காதே. 'அன்று ராத்திரி குழந்தை எப்படி இருந்தது?' என்று கேள், அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. பிறகு, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும் காய்ச்சல் இது, அடுத்த தவணைக்கும் வரலாம், வந்தால் எடைக்கு இத்தனை சொட்டு, இன்னின்ன அறிகுறி தெரிந்தால் உடனே எனக்குப் போன் செய்யுங்கள் என்று அவரிடமே சொல், அவர் கையிலேயே மருந்தைக் கொடு.

அடுத்த புதன் அந்தக் குழந்தைக்குப் பத்தாவது வாரம். காலை எட்டரை மணிக்கெல்லாம் நான் உன் அங்கன்வாடிக்கு வந்துவிடுகிறேன். திருப்பி அனுப்பிய மூன்று பேர் வீட்டுக்கும் செவ்வாய்க்கிழமையே சொல்லி அனுப்பிவிடு. தட்டம்மைக் குப்பி ஒன்று கூடுதலாகக் கேட்டு வாங்கிவை, வைட்டமின் ஏ திரவத்தையும் மறக்காதே. ஊசியை நீயே போடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து அட்டை எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா