டி மதிப்பெண் எதை அளந்தது?

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 2024-ல் வந்த ஹாலிவுட் படம், ஜோக்கரின் இரண்டாம் பாகமான 'ஜோக்கர்: ஃபோலி ஆ டூ' பற்றி இவ்வளவு தேடியிருக்கிறாயே என்று சந்தோஷம். எண்கள் எல்லாம் சரி, ஓர் இடம் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு இடறியது உன் முதல் வரிதான்: "விமர்சகர்களும் ரசிகர்களும் ஒரே குரலில் நிராகரித்தார்கள்." ஒரே குரல் இல்லை கண்ணு. இரண்டு தரப்பும் வேண்டாம் என்றது உண்மை. ஆனால் அவர்கள் வேண்டாம் என்றது வேறு வேறு சரக்கை. அதைப் பிரித்துக் காட்டாமல் உன் கட்டுரை நிற்காது.

விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் விமர்சகர் எண்ணும் ரசிகர் எண்ணும் இரண்டும் முப்பதை ஒட்டி நிற்பதைப் பார்த்து நீ அந்த வரியை எழுதியிருப்பாய். அந்த எண் எப்படி வருகிறது என்று யோசி. அது சராசரி மதிப்பெண் இல்லை. நூறு விமர்சனத்தில் எத்தனை 'பார்க்கலாம்' பக்கம் என்று எண்ணுவது, அவ்வளவுதான். பத்துக்கு ஆறு போட்டவரும் பத்துக்குப் பத்து போட்டவரும் அங்கே ஒரே தக்காளி. 60 சதவீதம் வந்தால் நல்ல தக்காளி, அதற்குக் கீழே போனால் அழுகல். எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்று அது சொல்லும். எவ்வளவு பிடிக்கவில்லை, எதனால் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அதில் இருக்காது.

இப்போது 2019-ல் வந்த முதல் படத்தின் எண்களைப் பக்கத்தில் வை. விமர்சகர்கள் சுமார் 69, ரசிகர்கள் சுமார் 89. அதாவது விமர்சகர்கள் முதல் படத்திலேயே பாதி மனதோடுதான் இருந்தார்கள். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியும், 11 ஆஸ்கர் பரிந்துரை வந்தும், அவர்களில் ஒரு கூட்டம் முகம் சுளித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் இறங்கியது முப்பத்தேழு புள்ளிபோல. ரசிகர்கள் விழுந்தது அறுபது புள்ளிக்குப் பக்கம், மாடியிலிருந்து. ஒரே தரையில் கிடக்கிறார்கள் என்பதற்காக ஒரே படியிலிருந்து விழுந்தார்கள் என்று எழுதாதே.

வெனிஸில் 2024 செப்டம்பர் 4 அன்று திரையிட்டபோது விமர்சகர் எண் 60-ஐச் சுற்றி இருந்தது. அக்டோபரில் படம் வெளியானபோது அது பாதியாகிவிட்டது. யாரும் மனம் மாறியதால் வந்த சரிவில்லை இது. விழாவில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர், படத்தைத் தேடிப் போனவர்கள். பிறகு ஊர் ஊராக எழுதுகிறவர்கள் வந்து சேரச் சேர வகுக்கும் எண் பெரிதாகிறது. 'வொண்டர் வுமன் 1984' படத்துக்கும் இதுதான் நடந்தது: முதல் விமர்சனங்கள் வந்தபோது 80-களில் இருந்தது, கடைசியில் 60-க்குக் கீழே வந்து நின்றது. ஆகவே எந்த எண்ணை எழுதினாலும் அது எந்தத் தேதியில் எடுத்தது என்று சேர்த்து எழுது.

சினிமாஸ்கோரை நீ ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறாய். இந்தப் படத்தின் விஷயத்தில் கனமான சாட்சி அதுதான். எட் மின்ட்ஸ் என்பவர் எழுபதுகளின் கடைசியில் தொடங்கியது. அமெரிக்கா, கனடா ஊர்களில் முதல் நாள் படம் பார்த்து வெளியே வருகிறவர்கள் கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். வயது, ஆணா பெண்ணா, எதற்காக வந்தீர்கள், படத்துக்கு என்ன மதிப்பெண். ஏ பிளஸிலிருந்து எஃப் வரை.

இதில் கவனிக்க வேண்டியது, முதல் நாள் வருகிறவன் யார் என்பது. டிக்கெட்டை முன்னாலேயே வாங்கி வைத்து, பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டே வருகிறவன். அதனால் சூப்பர் ஹீரோ படங்களுக்கு ஏ, ஏ மைனஸ் எல்லாம் சாதாரணம். பி வந்தாலே கம்பெனியில் முகம் வாடிவிடும். 1997-ல் ஊரே சிரித்த 'பேட்மேன் அண்ட் ராபின்' கூட சி பிளஸ் வாங்கியது. 2015-ன் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' சி மைனஸ். ஜோக்கர் இரண்டாம் பாகம் வாங்கியது டி. காமிக்ஸ் படங்களில் அதுவரை யாரும் தொடாத பள்ளம். முதல் பாகம் பி பிளஸ்.

டி என்றால் படம் மட்டம் என்று அர்த்தமில்லை. 2017-ல் 'மதர்!' படத்துக்கு எஃப் வந்தது. விமர்சகர்களில் மூன்றில் இரண்டு பேர் அதைப் பாராட்டியிருந்தார்கள். ஜெனிஃபர் லாரன்ஸ் நடித்த பேய்ப்படம் என்று நம்பிப் போனவர்களுக்கு வேறு ஏதோ பரிமாறப்பட்டது. கோபத்தை அட்டையில் தீர்த்துக்கொண்டார்கள். இந்த மதிப்பெண் அளப்பது விளம்பரத்தில் சொன்னதற்கும் இலையில் விழுந்ததற்கும் நடுவே இருக்கும் தூரத்தை. ஆகவே டி-யை விளக்க வேண்டுமானால் முதலில் படத்தைப் பார்க்காதே, டிரெய்லரைப் பார்.

டிரெய்லரில் என்ன இருந்தது? ஜோக்கின் ஃபீனிக்ஸ், பாடகி லேடி காகா, ஆர்க்கம் என்ற சிறைபோன்ற மனநல மருத்துவமனை, முதல் படத்தில் பிரபலமான மாடிப்படி, முத்தம், தீ. இரண்டு பைத்தியங்கள் சேர்ந்து ஊரைக் கொளுத்தப் போகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாட்டு பின்னணியில் ஓடியது. ஆனால் இது பாத்திரங்களே வாய் திறந்து பாடும் படம், பழைய ஆங்கிலப் பாட்டுகள் ஒரு டஜனுக்கு மேல் வரும் என்பதை விளம்பரம் அடக்கி வாசித்தது. படம் 138 நிமிடம். அதில் ஃபீனிக்ஸ் நடிக்கும் ஆர்தர் ஃப்ளெக், அதாவது முதல் படத்தில் ஜோக்கர் வேஷம் போட்டுக் கொலை செய்தவன், பெரும்பாலும் சிறையிலோ கோர்ட்டிலோ உட்கார்ந்திருக்கிறான். கொளுத்துவதெல்லாம் அவன் கற்பனையில்.

இனி இரண்டு தரப்பையும் தனித்தனியாகப் பிரி. ரசிகனின் வழக்கு மூன்றே காட்சியில் முடிந்துவிடும். ஒன்று, கோர்ட்டில் ஆர்தர் "ஜோக்கர் என்று ஒருவன் இல்லை, கொலைகளை நான்தான் செய்தேன்" என்கிற பொருளில் பேசி வேஷத்தைக் கழற்றுவது. அந்த இடத்தில் அவன் காதலி லீ (லேடி காகா) எழுந்து வெளியே போகிறாள்; அவளுக்கு வேண்டியது ஜோக்கர், ஆர்தர் இல்லை. இரண்டு, அந்த மாடிப்படியில் அவள் அவனை விட்டுவிட்டுப் போவது. மூன்று, சிறைக்குள் பெயர்கூடச் சொல்லாத ஓர் இளம் கைதி அவனைக் குத்திச் சாய்ப்பது. முதல் படத்தில் இவனைத் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டவர்களுக்கு இது கதை முடிவாகப் படவில்லை, தங்களைத் திட்டியதாகப் பட்டது. இயக்குநர் டாட் ஃபிலிப்ஸ் அதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்பது என் கணிப்பு. லீ எழுந்து போன மாதிரியே தியேட்டரிலும் எழுந்து போனார்கள்.

விமர்சகனின் வழக்கு வேறு. வேஷத்தைக் கழற்றுவது நல்ல யோசனைதான், அதை ஏன் இவ்வளவு சவசவ என்று செய்தாய் என்பது அவன் கேள்வி. கோர்ட் காட்சிகளில் சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து முதல் படத்தின் கதையையே திரும்பச் சொல்கிறார்கள். நமக்குத் தெரியாதது ஒன்றும் வெளியே வருவதில்லை. விதிவிலக்கு கேரி படில்ஸ் சாட்சி சொல்லும் இடம். ஆர்தரோடு வேலை பார்த்தவன், முதல் படத்தில் அவன் உயிரோடு விட்ட ஆள். ஆர்தர் ஜோக்கர் வேஷத்தில் தானே வக்கீலாக நின்று அவனைக் குறுக்கு விசாரணை செய்கிறான். கேரி பயத்தில் உடைகிறான், என்னைக் கேலி செய்யாதவன் நீ ஒருவன்தானே என்கிறான். வேஷம் போட்ட முகத்தில் ஆர்தருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. படத்தைக் கிழித்தவர்களில் பலர்கூட இந்தக் காட்சியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். உன் கட்டுரையில் இது இல்லவே இல்லை, சேர்.

பாட்டு விஷயத்துக்கு வா. நம்மவர்களுக்குப் பாட்டு புதிதல்ல. எந்தப் பாட்டுக்கு எழுந்து டீ குடிக்கப் போகலாம் என்று நம் ஊர் கூட்டத்துக்குப் பிறவியிலேயே தெரியும். அதே சோதனையை இங்கே வை: பாட்டை வெட்டி எடுத்தபின் அடுத்த காட்சி புரிகிறதா? புரிந்தால் அது டீக்கடைப் பாட்டு. ஆர்தர் சிறையின் டிவி அறையில் 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' பாடத் தொடங்குவதைப் பார். பின்னால் பதிவு செய்து ஒட்டிய குரல் இல்லை, படப்பிடிப்புத் தளத்திலேயே பாடியது; மூச்சு தெரிகிறது, சுருதி தடுமாறுகிறது. பேச்சு பாட்டாக நழுவும் அந்த இடம் அவன் மனதை நிஜமாகவே திறக்கிறது. அதை வெட்ட முடியாது. பின்னால் வரும் மேடைக் கற்பனைப் பாட்டுகளில் பாதியை வெட்டினாலும் கதையில் ஓர் அங்குலம்கூடக் குறையாது. லேடி காகாவைக் கூட்டிவந்து தொண்டையை அடக்கிப் பாட வைத்தது இன்னொரு குறை. கடைசியில் படிக்கட்டில் ஆர்தரே அவளிடம், பாடாதே, பேசு என்று கெஞ்சுகிறான்! இதைவிடப் பெரிய விமர்சனத்தை யார் எழுத முடியும்?

வசூலை நீ மொத்தமாகப் போட்டிருக்கிறாய். மொத்தம் எதையும் சொல்லாது. நாளாகப் பிரி. அமெரிக்கா, கனடாவில் வியாழன் இரவு முன்காட்சிகளில் 70 லட்சம் டாலர். அதையும் சேர்த்து ஞாயிறு வரை 3.77 கோடி. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 5.4. முதல் பாகத்துக்கு 1.33 கோடி, 9.62 கோடி, வகுத்தால் 7.2. இந்த எண் சரிந்தால், வியாழன் இரவு பார்த்தவன் வெள்ளிக்கிழமையே நண்பனுக்கு 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டான் என்று பொருள்.

2023-ன் 'தி மார்வெல்ஸ்' படத்தை இதோடு ஒப்பிடு. அங்கே 66 லட்சம், 4.61 கோடி, வகுத்தால் 7. சினிமாஸ்கோர் பி. வந்தவர்களுக்குப் பெரிய கோபமில்லை, மற்றவர்கள் வரவேயில்லை. நடிகர் சங்க வேலைநிறுத்தம் படம் வெளியாகும் தறுவாயில்தான் முடிந்தது என்பதால் நடிகர்கள் விளம்பரத்துக்கும் வரவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் அதுவும் 78 சதவீதம் விழுந்தது. உலக வசூலும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 20 கோடி டாலரைக் கொஞ்சம் தாண்டியது. ஆனால் ஒன்று அலட்சியத்தால் படுத்த படம், மற்றது ஆத்திரத்தால் படுத்த படம். நீ இரண்டையும் ஒரே வாக்கியத்தில் 'தோல்வி' என்று கட்டியிருக்கிறாய்.

ஜோக்கர் இரண்டாம் வாரக் கடைசியில் எடுத்தது சுமார் 70 லட்சம். முதல் வியாழன் ஒரே இரவில் எடுத்த தொகையை மூன்று நாள் முழுக்க ஓட்டி எடுத்திருக்கிறார்கள். அதே வாரம் சுமார் 20 லட்சத்தில் எடுத்த 'டெரிஃபையர் 3' 1.89 கோடியோடு முதலிடம் பிடித்தது. அதிலும் கொலைகாரக் கோமாளிதான். ஜனத்துக்குக் கோமாளி அலுக்கவில்லை, இந்தக் கோமாளிதான் கசந்தான்.

செலவுக் கணக்கிலும் ஒரு திருத்தம். செலவு 19 முதல் 20 கோடி, வசூல் 20.7 கோடி, 'முதலுக்கு மோசமில்லை' என்று எழுதியிருக்கிறாய். வசூல் வேறு, ஷேர் வேறு. தியேட்டர்காரர் பங்கு போகத் தயாரிப்பாளர் கைக்கு வருவது ஏறக்குறையப் பாதி. விளம்பரச் செலவு தனி. முதல் பாகம் ஏழு கோடிக்குள் எடுத்து 100 கோடியைத் தாண்டியது. அதன் துணிச்சலுக்குக் காரணமே அந்தச் சின்ன பட்ஜெட்தான். ரசிகனைச் சீண்டிப் பார்க்கிற படத்துக்கு அந்தப் பட்ஜெட் தாங்கும். இருபது கோடி தாங்காது.

இணையத்தில் திட்டம் போட்டுக் கவிழ்த்தார்களா என்ற உன் பத்தியை எடுத்துவிடலாம். அப்படி நடப்பது உண்டு; 2019-ல் 'கேப்டன் மார்வெல்' வெளிவரும் முன்பே குவிந்த வசவைப் பார்த்துத்தான் ராட்டன் டொமேட்டோஸ் முன்கூட்டியே கருத்துப் போடுவதை நிறுத்தியது, பிறகு டிக்கெட் வாங்கியவர் எண்ணையும் தனியாகக் காட்டத் தொடங்கியது. ஆனால் இந்தப் படத்தில் டிக்கெட் வாங்கியவர்களும், தியேட்டர் வாசலில் அட்டை வாங்கியவர்களும், இரண்டாம் வாரம் வராதவர்களும் சொன்னது ஒன்றுதான்.

பிடித்தது என்றவர்களையும் விட்டுவிடாதே. இயக்குநர் கப்போலா பாராட்டினார், இயக்குநர் டரன்டினோவும் வெளிப்படையாகப் பாராட்டினார். அவர்களுக்குப் பிடித்தது, ரசிகனுக்குக் கசந்த அதே சீண்டல்தான். ஒரு வரி போதும்.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றாயே, முதல் பத்தியை மட்டுமாவது மாற்றிவிட்டு அனுப்பு. ராத்திரி ரொம்ப நேரம் முழித்திருக்காதே.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அந்த ஓர் இடம், நான்காம் பத்தி. "இரண்டாம் வாரத்தில் வசூல் 81 சதவீதமாகக் குறைந்தது" என்று எழுதியிருக்கிறாய். 'ஆக' போட்டால் நூறு ரூபாய் வந்த இடத்தில் 81 வந்தது என்றாகிவிடும். அப்படி நடந்திருந்தால் கம்பெனிக்காரர் மொட்டை போட்டிருப்பார். வந்தது 19. "81 சதவீதம் குறைந்தது" என்று திருத்து.