ஒரே மாடல் மானிட்டர் இரண்டு, ஒரே மஞ்சள் இரண்டு நிறம்: மாற்றித் தரக் கோரி புகார்

அனுப்புநர்:
டிசைன் மற்றும் அச்சு முன்தயாரிப்பு நிலையம்,
கிருஷ்ணகிரி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்,
மானிட்டர் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: 27 அங்குல யூஎஸ்பி-சி மானிட்டர் இரண்டின் நிற வேறுபாடு, ஒரே கேபிள் இணைப்பு பற்றிய தவறான விளம்பரம், வாரண்டி மறுப்பு தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் 27 அங்குல, 2560×1440 பிக்சல் மானிட்டர் இரண்டை ஒரே பில்லில் வாங்கியுள்ளோம். அட்டைப்பெட்டியில் "டிசைனர்களுக்கானது", "ஒரே கேபிளில் இரண்டு திரை", "தொழிற்சாலையிலேயே நிறம் சரிபார்க்கப்பட்டது, டெல்டா ஈ 2-க்குக் கீழ்" (டெல்டா ஈ என்பது நிறப் பிழையின் அளவு), "3 ஆண்டு, வீட்டிற்கே வந்து சேவை" என நான்கு வாக்குறுதிகள் அச்சாகியுள்ளன. நான்குமே எங்களிடம் பொய்த்துவிட்டன. உங்கள் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் மூன்று முறை சொல்லியும் பலன் இல்லாததால் எழுத்தில் தருகிறோம். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரிடம் இதைப் படிக்கக் கொடுக்கவும்.

முதலில் நிறம். இடது மானிட்டரில் வெண்மை 6480 கெல்வின். வலதில் 7150. இந்த எண் ஏற ஏற வெண்மை நீலப் பக்கம் போகும். இரண்டையும் 30 நிமிடம் ஓடவிட்டு, ஃபேக்டரி ரீசெட் செய்து, எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிறத்தர மோடில் வைத்து, நிறம் அளக்கும் கலரிமீட்டரைத் திரையின் நடுவில் தொங்கவிட்டு எடுத்த அளவு இது. வலது திரையில் நீலம் ஏறியிருப்பதோடு சிவப்பும் இறங்கியிருக்கிறது. சிவப்பு இறங்கினால் மஞ்சள் பச்சைப் பக்கம் சாயும். இந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. இங்கே டிசைனுக்கு வரும் வேலையில் பெரும்பங்கு மாங்கூழ் டின் லேபிளும் மாம்பழப் பெட்டி அட்டையும்தான். வலது திரையைப் பார்த்து வேலை செய்பவர், மஞ்சள் பச்சையடிக்கிறதே என்று மெஜந்தாவை 5, 6 சதவீதம் கூட்டுவார். ஆஃப்செட் அச்சு இயந்திரத்தில் அச்சாகி வரும்போது பழம் ஆரஞ்சாகி நிற்கும். அச்சு பிளேட்டும் தாளும் போனது போனதுதான். கல்யாணப் பத்திரிகையிலும் இதே கதை, அங்கே கெடுவது மணப்பெண்ணின் முகம். இதில் இன்னொரு தொல்லை: பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாடிக்கையாளர் எந்தத் திரையில் அழகாகத் தெரிகிறதோ அதைக் காட்டித்தான் "இதே கலர் வேணும்" என்பார்.

உங்கள் சேவைப் பிரிவு சொன்ன காரணங்களுக்கு வருகிறோம். கேபிள் கோளாறு என்றார்கள். கேபிளை மாற்றினோம், போர்ட்டை மாற்றினோம், மானிட்டர்களையே இடம் வலமாக மாற்றி வைத்தோம். நீலம் அந்த மானிட்டரோடுதான் போனது, போர்ட்டில் தங்கவில்லை. எச்டிஎம்ஐ-யில் ஆர்ஜிபி அளவு 16 முதல் 235 வரை சுருங்கியிருக்கும் என்றார்கள். அப்படிச் சுருங்கினால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும், வெண்மை நீலமாகாது. மேலும் நாங்கள் சோதித்தது இரண்டையும் டிஸ்ப்ளேபோர்ட்டில், 0 முதல் 255 வரை முழு அளவில். கடைசியாக, "உங்க ஊர்ல வோல்டேஜ் சரியில்லை சார்" என்றார்கள். மானிட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் பேனலுக்கு ஒரே அளவு டிசி-யைத்தான் தரும். மின்னழுத்தம் குறைந்தால் மானிட்டர் அணையுமே தவிர, வெண்மை 670 கெல்வின் தள்ளிப் போகாது. இரண்டும் ஒரே யூபிஎஸ்-இல்தான் ஓடுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

உண்மைக் காரணம் பின்பக்க ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. ஒன்று ரிவிஷன் 00, மற்றது ரிவிஷன் 03. மாடல் எண் ஒன்றுதான், பேனல் வேறு. பின்னொளி எல்இடி-யின் பாஸ்பர் பூச்சு (வெள்ளை ஒளியை உண்டாக்கும் பூச்சு) மாறினால் ஒளியின் நிறமாலையும் மாறும். அப்போது இரண்டையும் கேலிப்ரேட் செய்து மீட்டரில் 6500 என்று கொண்டுவந்தாலும் கண்ணுக்கு ஒன்று லேசாக இளஞ்சிவப்பு, மற்றது லேசாகப் பச்சை. அதையும் செய்து பார்த்துவிட்டோம்: 6500 கெல்வின், காமா (நடு நிறங்களின் வெளிச்ச ஏற்றம்) 2.2, வெளிச்சம் 120 நிட். வலதில் நீல அளவை 100-லிருந்து 88-க்கு இறக்க வேண்டியிருந்தது. எண்கள் ஒத்துப்போயின, கண் ஒத்துக்கொள்ளவில்லை. தனித்தனியாக விற்ற மானிட்டர் என்றால் இதைக் குறையாகச் சொல்லமாட்டோம். "ஜோடியாக வைக்க" என்று விளம்பரம் செய்து ஜோடியாக அனுப்பும்போது ரிவிஷன் பார்த்து அனுப்புவது உங்கள் பொறுப்பு.

வலது மானிட்டரின் இடது கீழ் மூலையையும் குறித்துக்கொள்ளவும். நடுவில் 120 நிட், அந்த மூலையில் 91. அதாவது 24 சதவீதம் சரிவு. வெள்ளைப் பின்னணி லேபிளை அங்கே நகர்த்தினால் தாள் அழுக்கானது போலத் தெரியும். பெட்டியில் நீங்கள் வைத்துள்ள சோதனைத் தாள் நடுப்புள்ளியில் மட்டும் எடுத்தது. மூலைகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது "ஒரே கேபிளில் இரண்டு திரை". லேப்டாப்பிலிருந்து யூஎஸ்பி-சி முதல் மானிட்டருக்கு, அதன் டிஸ்ப்ளேபோர்ட் அவுட்டிலிருந்து இரண்டாவதற்கு. முதல் மானிட்டரின் மெனுவில் எம்எஸ்டி (ஒரே இணைப்பில் பல திரைகளுக்குப் படம் அனுப்பும் வசதி) ஆன், சங்கிலியின் கடைசியில் உள்ளதில் ஆஃப். கையேடு சொன்னபடியே செய்தோம். இரண்டாவதில் "சிக்னல் இல்லை" என்றே வந்தது. இது பழுது அல்ல, கணக்கு. 2560×1440, 60 ஹெர்ட்ஸ், 24 பிட் நிறத்துக்கு ஒரு திரை வினாடிக்குச் சுமார் 5.8 ஜிகாபிட் கேட்கும். இரண்டுக்கு 11.6. யூஎஸ்பி-சி கேபிளில் வேகமான லேன் (தரவு செல்லும் தடம்) நான்கு. உங்கள் மானிட்டர் தன்னுள் இருக்கும் யூஎஸ்பி ஹப்பின் (கூடுதல் யூஎஸ்பி போர்ட்டுகளின்) 3.0 வேகத்துக்காக அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் உள்ள இரண்டில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தருவது 8.64 ஜிகாபிட்தான். 11.6 எப்படி அடங்கும்?

மெனுவில் "யூஎஸ்பி வேகம்" என்ற இடத்தில் 2.0 என்று மாற்றினால் நான்கு லேனும் படத்துக்கே வரும், 17.28 ஜிகாபிட் கிடைக்கும், இரண்டாவது திரையும் எரியும். இதை நாங்களே தேடிக் கண்டுபிடித்தோம். கையேட்டிலும் இல்லை, உங்கள் ஆட்களுக்கும் தெரியவில்லை. ஆனால் அப்போது ஹப் 480 மெகாபிட்டுக்கு விழுந்துவிடும். திருமண ஆல்பத்துக்கு வரும் 60 ஜிபி கார்டை வினாடிக்கு 35 மெகாபைட் வேகத்தில் இறக்க ஏறக்குறைய அரை மணி நேரம். மானிட்டரில் உள்ள நெட்வொர்க் போர்ட்டும் இதே குறுகலுக்குள் மாட்டிக்கொள்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 போட்டு, அதன் உச்ச வேகமான எச்பிஆர்3-ஐத் தந்திருந்தால் இரண்டு லேனிலேயே 12.96 கிடைத்து, சிக்கலே இருந்திருக்காது. லேப்டாப்பில் அது இருக்கிறது, உங்கள் மானிட்டரில் இல்லை. மேக் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம்: மேக்ஓஎஸ் எம்எஸ்டி சங்கிலியில் இரண்டு திரையிலும் ஒரே படத்தைத்தான் காட்டும். பெட்டியில் அதைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை இல்லை.

இப்போதைக்கு இரண்டாவது மானிட்டருக்கு லேப்டாப்பிலிருந்து தனி எச்டிஎம்ஐ கேபிள் போட்டு ஓட்டுகிறோம். அதற்குச் சாதாரண மானிட்டரே போதுமே, யூஎஸ்பி-சி மாடலுக்கு ஏன் கூடுதல் விலை கொடுத்தோம்?

இன்னொரு குறை உங்கள் ஃபர்ம்வேர் பிரிவுக்கு. இரண்டு மானிட்டரின் இடிஐடி தகவலிலும் (மானிட்டர் தன்னைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் தகவல்) வரிசை எண் 0 என்றே பதிவாகியுள்ளது. விண்டோஸ் இவற்றைப் பிரித்தறிய போர்ட்டை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. சங்கிலியில் இருந்தபோது, மானிட்டர்கள் தூக்கத்திலிருந்து எழும்பும்போது சில நேரம் இடது மானிட்டரின் ஐசிசி ப்ரொஃபைல் (நிறத் திருத்தக் கோப்பு) வலதுக்குப் போய் உட்கார்ந்தது. ஆழ்தூக்கத்தை நிறுத்த மெனுவில் வழி இல்லை. ஒவ்வொரு மானிட்டருக்கும் அதன் வரிசை எண்ணை எழுதுவது தொழிற்சாலையில் ஒரு வரி வேலை. ஸ்டாண்டின் ஒரு திருகு லூசாக வந்ததை நாங்களே முடுக்கிக்கொண்டோம், அதை விட்டுவிடலாம்.

வாரண்டி. வீட்டிற்கே வந்து சேவை என்று அச்சிட்டுவிட்டு, "கிருஷ்ணகிரிக்கு ஆள் வரமாட்டார், ஒரிஜினல் பெட்டியோடு பெங்களூருக்குக் கொண்டு வாங்க" என்கிறார்கள். 90 கிலோமீட்டர். ஊர் வாரியான விலக்கு வாரண்டி அட்டையில் எங்குமே இல்லை. பிறகு, கடையில் பயன்படுத்துவதால் இது வணிகப் பயன்பாடு, வாரண்டி செல்லாது என்றார்கள். டிசைனர்களுக்கு என்று விற்ற பொருளை டிசைன் செய்யப் பயன்படுத்தியது குற்றமா? இது இரண்டு பேர் சொந்தக் கையால் உழைத்துப் பிழைக்கும் கடை. சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)-இன் விளக்கமே சொல்கிறது.

நாங்கள் கேட்பது இவை: இரண்டு மானிட்டரையும் எடுத்துக்கொண்டு, ஒரே ரிவிஷனில், அடுத்தடுத்த வரிசை எண் உள்ள இரண்டைத் தர வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடியும் ஜோடி சேராது. மாற்றுவதற்கு முன் ஒன்பது புள்ளிகளில் எடுத்த வெளிச்ச அளவைத் தாளில் தர வேண்டும். எடுத்துப் போவதும் கொண்டு வருவதும் உங்கள் செலவில், எங்கள் முகவரியில். இது முடியாதென்றால் இரண்டின் விலையையும் முழுமையாகத் திருப்பித் தரவும். "ஒரே கேபிள்" விளம்பரத்தின் அருகிலேயே, ஹப் 2.0 வேகத்துக்கு இறங்கும் என்ற உண்மையையும் அச்சிட வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வரவில்லையெனில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்போம். நாங்கள் தொழில் செய்யும் மாவட்டத்திலேயே தொடுக்க பிரிவு 34 இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

இப்படிக்கு,
உரிமையாளர்கள்,
கிருஷ்ணகிரி.

இணைப்பு: பில் நகல், இரு மானிட்டரின் பின்பக்க ஸ்டிக்கர் படங்கள், கேலிப்ரேஷன் அறிக்கை (முன், பின்), அட்டைப்பெட்டியின் நான்கு பக்கப் படங்கள், ஒரே லேபிளை இரு திரையிலும் வைத்து எடுத்த படம். இந்தக் கடைசிப் படத்தை உங்கள் போன் திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அளவுகளைப் பார்க்கவும்.