வி.ஆர். ஆய்வகத்தின் பூட்டைத் திறந்துவிடுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். கோவையில் பம்ப் வடிவமைப்பில் வேலை பார்க்கிறேன். படிப்பு முடித்து வரும் பிள்ளைகளுக்கு வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. உங்களிடம் எனக்கு ஒரே கோரிக்கைதான்: வி.ஆர். (கணினி உருவாக்கிய உலகைக் கண்முன் காட்டுவது), ஏ.ஆர். (நிஜக் காட்சியோடு கணினி உருவத்தைச் சேர்த்துக் காட்டுவது) கருவிகளை முதலாண்டு இன்ஜினியரிங் கிராபிக்ஸ் (பொறியியல் வரைபடம்) வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். அதில் மாணவர்கள் தங்கள் கையால் எதையாவது செய்யட்டும்.

நான் பார்த்த சில கல்லூரிகளில் வி.ஆர். ஆய்வகம் இருக்கிறது. விருந்தினர் வந்தால், கண்ணை மூடித் தலையில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிவிட்டு, யாரோ செய்து வைத்த இன்ஜின் பாகம் பாகமாகப் பிரிவதைக் காட்டுகிறார்கள். அப்புறம் அறையைப் பூட்டிவிடுகிறார்கள். முதலாண்டு மாணவர் அதைத் தொடுவதே இல்லை.

தேவையோ அங்கேதான். சாய்ந்து நிற்கும் கூம்பை ஒரு தளம் வெட்டினால் மேலிருந்து எப்படித் தெரியும் என்று மனக்கண்ணில் பார்க்க முடியாத பிள்ளை, படிகளை மனப்பாடம் செய்து தேறிவிடுகிறது. வேலையில், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் வரைபடத்தைக் கையில் கொடுத்தால் திணறுகிறது. இம்பெல்லரின் இறக்கை வளைந்துகொண்டே முறுக்கிக்கொள்ளும் வடிவம். திரையில் மவுஸால் எவ்வளவு சுழற்றினாலும் அது தட்டையான படம்தான். ஹெட்செட்டில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போகிறது. தலையை அசைத்தால் காட்சியும் அதற்கேற்ப நகர்கிறது. ஆழம் தானாகப் புரிகிறது.

அளவு விஷயமும் உண்டு. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது 5 மி.மீ. இடைவெளியும் 50 மி.மீ. இடைவெளியும் ஒன்றுபோலவே தோன்றும். நிஜ அளவில் எதிரே நிற்கும் பம்பில் கையை நீட்டிப் பார்த்தால், அந்த போல்ட்டில் ஸ்பேனர் திரும்ப இடம் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். வார்ப்பு வந்த பிறகு இது தெரிந்தால் வார்ப்பு அச்சுக்கான பேட்டர்னையே (மாதிரியையே) மாற்ற வேண்டியிருக்கும்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. இவான் சதர்லேண்ட் 1963-இல் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலில், ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு வரையலாம். இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று சொன்னால் அது சரிசெய்துகொள்ளும். கணினியில் வடிவமைக்கும் இன்றைய கேட் (CAD) மென்பொருள்களுக்கு அதுவே முன்னோடி. அதே சதர்லேண்ட்தான் 1968-இல், தலையில் மாட்டிக்கொண்டால் எதிரே உள்ள அறையோடு சேர்த்துக் கம்பிக்கோட்டு உருவங்களைக் காட்டும் கருவியையும் செய்து காட்டினார். வடிவமைப்பும் இந்தக் கண்ணாடியும் தொடக்கத்திலேயே இவ்வளவு நெருக்கம். நம் பாடத்திட்டம்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது.

எல்லாவற்றையும் காற்றில் வரைந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள நுண்ணிய பொருத்தம் கையசைவில் வராது. எண்ணைத் தட்டித்தான் ஆக வேண்டும். கையைத் தூக்கியபடி வேலை செய்தால் தோளும் வலிக்கும். வடிவத்தை ஹெட்செட்டில் யோசிக்கட்டும், அளவை கேட் மென்பொருளில் கொடுக்கட்டும், திரும்பவும் ஹெட்செட்டில் நிஜ அளவில் சரிபார்க்கட்டும். சிலருக்குத் தலைசுற்றும். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். மதிப்பெண்ணையும் அதோடு கட்டிவிட வேண்டாம்.

வாங்கும்போது தயவுசெய்து கவனமாக இருங்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11 24ஹெச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட், வி.ஆர். ஹெட்செட்களை இயக்கும் தன் ‘விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி’ வசதியை நீக்கியது. அதை நம்பியிருந்த நல்ல ஹெட்செட்கள் அந்தப் பதிப்பில் வேலை செய்யாமல் போயின. மாறாக, கூகுள் 2021-இல், வி.ஆரில் வரைய உதவும் ‘டில்ட் பிரஷ்’ செயலியை நிறுத்தியபோது மூலநிரலைத் திறந்துவிட்டது, அதை வைத்து ‘ஓப்பன் பிரஷ்’ இன்றும் வளர்கிறது. அரசுப் பணத்தில் வாங்கும் கருவி ‘ஓப்பன் எக்ஸ்.ஆர்.’ என்ற, பல நிறுவனக் கருவிகளுக்கும் பொதுவான தரத்தை ஏற்பதாக இருக்கட்டும். மாடல் செய்ய ஃப்ரீகேட், பிளெண்டர் இரண்டும் இலவசம். வகுப்புக்கு ஓரிரண்டு ஹெட்செட் போதும், மற்றவர்கள் ஏ.ஆர். வசதியுள்ள ஃபோனில் தங்கள் மாடலை வகுப்பறைத் தரையில் நிறுத்திச் சுற்றிவந்து பார்க்கலாம்.

அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில், திண்மங்களின் வெட்டுமுகப் பாடத்தில் மட்டுமாவது சில கல்லூரிகளில் இதைச் சோதித்துப் பாருங்கள். அதற்கு வேண்டிய இம்பெல்லர், வால்யூட் (இம்பெல்லரைச் சுற்றியுள்ள சுருள் வடிவ உறை) மாடல்களை நானே வரைந்து, பல கேட் மென்பொருள்களும் திறக்கும் ஸ்டெப் (STEP) கோப்பாகத் தருகிறேன். ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்தால் சனிக்கிழமைகளில் வந்து உட்காரவும் தயார்.

அன்புடன்,
ஒரு பம்ப் வடிவமைப்பாளர், கோவை