டிஸ்க் மாற்றினால் ஹேண்ட் பிரேக்கையும் சரியாக வைத்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீசன் நேரத்தில் கோத்தகிரி, ஊட்டி பக்கம் சரிவில் நிறுத்தியிருக்கும் கார்களில் பாதிக்குச் சக்கரத்துக்கு அடியில் கல் இருக்கும். கல் வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் விசாரித்தால், "ஹேண்ட் பிரேக் சரியா பிடிக்கிறதில்லீங்க" என்கிறார்கள், அதுவும் சமீபத்தில்தான் பின்பக்க பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) மாற்றியவர்கள்கூட. புது டிஸ்க் போட்ட பிறகு இது நடக்கவே கூடாது.

பின்பக்கம் டிஸ்க் உள்ள பல கார்களில், டிஸ்க்கின் நடுப்பகுதிக்குள் சின்னதாக ஒரு டிரம் இருக்கும். கால் பிரேக்குக்கு வெளியே டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரும் பேடும், ஹேண்ட் பிரேக்குக்கு உள்ளே டிரம்மை விரிந்து பிடிக்கும் இரண்டு ஷூ தனியாக. பழைய டிஸ்க்கின் உட்புறம் தேய்ந்து ஓரத்தில் விளிம்பு கட்டியிருக்கும் என்பதால், ஷூவைத் தளர்த்தாமல் டிஸ்க்கைச் சுத்தியலால் அடித்துப் பிடுங்கினால் விளிம்பு ஷூவில் மாட்டி, அதைப் பிடித்திருக்கும் ஊசி போன்ற பின்னும் ஸ்பிரிங்கும் பிய்ந்து வரும். தளர்த்துவதற்கென்றே உள்ளே ஒரு பல்சக்கரம் வைத்திருக்கிறார்கள், ரப்பர் மூடியை எடுத்துவிட்டுத் துளை வழியாக ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பல்லாக நகர்த்தலாம்.

மாட்டும்போதும் அதேதான். முதலில் டிஸ்க் உட்காரும் ஹப்பில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க் நேராக உட்காராது, பிரேக் மிதிக்கும்போது பெடல் அதிரும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். அப்புறம் லீவரிலிருந்து ஷூவுக்குப் போகும் கேபிளைத் தளர்த்திவிட்டு, டிஸ்க்கை இரண்டு வீல் நட்டால் இறுக்கிப் பிடிக்க வைத்து, கையால் சுற்ற முடியாத அளவுக்குப் பல்சக்கரத்தைத் திருப்பி, பிறகு அந்த மாடலுக்குச் சொல்லியிருக்கும் பல் கணக்கில் பின்வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் முடித்த பிறகுதான் கேபிளில் கை வைக்க வேண்டும்.

நடப்பது என்னவென்றால், பல ஒர்க்‌ஷாப்பில் பல்சக்கரத்தைத் தொடுவதே இல்லை. லீவருக்கு அடியில் உள்ள, கேபிளை இறுக்கும் நட்டை மட்டும் முறுக்கிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக் காருக்கும் இப்படித்தான் செய்தார்கள், பில்லில் டிஸ்க், பேட், லேபர் எல்லாம் இருந்தது, ஆனால் நட்டு மரையின் கடைசி வரை போய் நின்றிருந்தது. லீவர் இரண்டு கிளிக்கிலேயே கெட்டியாகிவிடுவதால் ஓட்டுபவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் ஷூ தேயத் தேய மறுபடி இறுக்க இடமிருக்காது. இன்னும் மோசம், கேபிள் எப்போதும் இழுபட்டே இருந்தால் ஷூ டிரம்மை உரசிச் சூடாகும், மலை இறக்கத்தில் இதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

வாடகை வண்டிகளையாவது எஃப்.சி. எனும் தகுதிச் சான்று சோதனையில் பார்க்கிறார்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம், அதுவரை ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. அதனால் வண்டியை எடுக்கும்போது நாமே கேட்க வேண்டும்: ஷூ அட்ஜஸ்ட் செய்தீர்களா, கையேட்டில் உள்ள கிளிக் கணக்குக்கு வருகிறதா? பக்கத்தில் ஒரு மேட்டில் நியூட்ரலில் போட்டு, காலைப் பெடலின் மேலேயே தயாராக வைத்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கில் மட்டும் நிற்கிறதா என்று மெக்கானிக் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்காரர்களும் இதை பில்லில் ஒரு வரியாக எழுதிக் கொடுக்கலாமே, அதிகம் போனால் அரை மணி நேர வேலைதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி