பால்வெளி மோட்டார் மாடலைத் திரும்பப் பெற்று 6,800 ரூபாயைத் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற எஸ்எம்எஸ் மட்டும்தான் வந்தது. நம் விண்மீன் மண்டலமான பால்வெளியின் மையத்தைச் சூரியன் கோள்களோடு சுற்றுவதை மோட்டாரால் ஓட்டிக் காட்டும் உங்கள் மாடலை, ஜூன் மாதம் எங்கள் அரசுப் பள்ளிக்காக, என் சம்பளத்தில் வாங்கினேன்.

ஸ்விட்சைப் போட்டால் சூரியன் பல்பு தண்டவாளத்தில் முன்னால் ஓடுகிறது. எட்டுக் கோள்களும் வால் மாதிரி பின்னால் இழுபடுகின்றன. இது தவறு. சூரியன் நொடிக்குச் சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் பால்வெளி மையத்தைச் சுற்றும்போது கோள்களும் கூடவே போகின்றன, எதுவும் பின்தங்குவதில்லை. அவை சுற்றும் தளம் பால்வெளித் தட்டுக்கு ஏறத்தாழ 60 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் பூமி ஆண்டில் பாதி நாள் சூரியனுக்கு முன்னாலும் மீதி நாள் பின்னாலும் இருக்கும். அந்தச் சாய்வை வைக்கத்தானே பச்சைத் திருகு? அது சும்மா சுழல்கிறது.

இதைக் கேட்கத்தான் திண்டிவனத்திலிருந்து கிண்டி சர்வீஸ் சென்டருக்கு வந்தேன். அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில். கவுன்ட்டரில் இருந்தவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "சுத்துதுல்ல மேடம்? கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு இது போதும்" என்றார். தயவுசெய்து அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள்.

கையேட்டைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 7ஆம் பக்கத்தில், சூரியன் ஒரு சுற்று முடிக்க 230 கோடி ஆண்டுகள் என்று போட்டிருக்கிறீர்கள். சரியான கணக்கு சுமார் 230 மில்லியன் ஆண்டுகள்; 230 மில்லியன் என்றால் 23 கோடி. இதை அச்சுக்கு முன் ஒருவர்கூடப் பார்க்கவில்லையா? ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், சூரியனுக்கே 460 கோடி வயசுதானே, அப்போ ரெண்டே சுத்துதானா?" என்று கேட்டாள். சுமார் இருபது சுற்று என்று நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. போதும் என்று உங்கள் ஆள் சொன்னது இந்தப் பிள்ளைகளைத்தான். இந்தக் கல்வியாண்டே பாழாகிவிட்டது.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. பணத்தைத் திருப்பித் தாருங்கள், கையேட்டைத் திருத்துங்கள், அந்த ஊழியரை எங்கள் மாணவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். பில், எஸ்எம்எஸ், பஸ் டிக்கெட் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

பெட்டியை இனி நான் தூக்கி வர மாட்டேன். ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை,
திண்டிவனம்