துண்டுக்குள் இருந்த வெள்ளைக் கிளை

சிவமயம்

கானாடுகாத்தான்,
மார்கழி 20

அன்புள்ள மகன் தம்பிக்கு அப்பச்சி எழுதுவது.

இங்கு நானும் உன் ஆத்தாவும் நலம். நீங்கள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்ததையும், பேத்தி சின்னவளுக்குப் பள்ளி திறந்துவிட்டதையும் தொலைபேசியில் சொன்னாய். அவள் பக்கத்தில் இருக்கும்போது பேச முடியாத செய்தி ஒன்று இருப்பதால், நெடுநாளைக்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தமானுக்கு நான் கொண்டுபோன துண்டை நேற்று உன் ஆத்தா துவைப்பதற்காக உதறியபோது, அதற்குள்ளிருந்து விரல் நீளத்தில் கிளை பிரிந்த வெள்ளைக் கல் ஒன்று முற்றத்தில் விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது பவளப்பாறையின் ஒடிந்த கிளை. கடைசி நாள் கரையில், "ஐயா, உங்கள் துண்டைக் கொடுங்கள்" என்று சின்னவள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். தலை துவட்டத்தான் கேட்கிறாள் என்று நினைத்து நானும் கொடுத்தேன்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளப்பாறைகளை 2001இல் புலிக்கும் யானைக்கும் சமமாக முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். கரையில் ஒதுங்கிக் கிடப்பதைக்கூட எடுத்து வரக் கூடாது என்று நம்மை அழைத்துச் சென்ற வழிகாட்டித் தம்பி படகிலேயே சொன்னதை நீயும் கேட்டாய். விமான நிலையத்தில் என் பையைத் திறக்கச் சொல்லியிருந்தால், இத்தனை ஆண்டுகள் வட்டிக் கணக்கில்கூட ஒரு பைசா பிசகாத நான், பேத்தியின் முன்னால் கைகட்டி நின்றிருப்பேன். நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது.

அந்த விடுதியைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீ செலவழித்த பணத்துக்குக் குடிலும் தென்னந்தோப்பும் அழகாகத்தான் இருந்தன, இட்லிதான் இட்லியாக இல்லை. உன் ஆத்தா கட்டிக் கொண்டுவந்த தேன்குழலும் சீப்புச்சீயமும் இல்லாவிட்டால் காலைப் பொழுதுகள் கடினமாகியிருக்கும். ஆனால் அந்தமானின் யானைக் கடற்கரையில், நீருக்குள் பார்க்க உதவும் அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு நான் தண்ணீருக்குள் முகத்தைத் தாழ்த்திய அரை மணி நேரத்துக்கு விலை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஊருணியில் நீந்திப் பழகியவன் என்ற செருக்கோடுதான் இறங்கினேன். ஊருணியில் மூச்சை அடக்கித்தான் முங்குவோம். இங்கோ மூச்சை அடக்கவே கூடாது. மூக்கை மறந்து, குழாய் வழியாக வாயால் நிதானமாக இழுத்து விட வேண்டும் என்கிறார்கள். அறுபது ஆண்டுப் பழக்கத்தை ஐந்து நிமிடத்தில் மாற்றச் சொன்னால் உடம்பு கேட்குமா? போதாததற்கு என் மீசை வேறு இடைஞ்சலாக வந்தது. மீசைக்கும் ரப்பருக்கும் இடையில் தண்ணீர் புகுந்து இரண்டு முறை உப்பைக் குடித்தேன். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க எச்சிலைத் தடவிக் கழுவச் சொன்னபோது உன் ஆத்தா முகத்தைச் சுளித்ததும், அந்த வேலையே வேண்டாம் என்று கண்ணாடிப் படகில் போய் உட்கார்ந்துகொண்டதும் உனக்கு நினைவிருக்கும்.

மூன்றாம் முறை முகத்தைத் தாழ்த்தியபோதுதான் மூச்சு வசப்பட்டது. கடற்சாமந்தியின் விரல்களுக்குள் புகுந்து புகுந்து வெளிவந்த கோமாளி மீன்களைச் சின்னவள் என் கையைக் கிள்ளிக் கிள்ளிக் காட்டினாள். ஒரு கிளிமீன் பாறையைக் கொத்தும் ஓசை என் காதில் தெளிவாக விழுந்தது. அது பாசியைப் பாறையோடு சேர்த்து விழுங்கி, மணலாகக் கழிக்கிறது என்றும், நாம் நடந்துவந்த வெள்ளை மணலில் அதன் பங்கும் உண்டு என்றும் அந்தத் தம்பி பிறகு சொன்னார். கிளை கிளையாக நின்றவற்றில் சில பழுப்பாக உயிரோடு இருந்தன, பல வெளுத்துக் கிடந்தன. பவளப் பூச்சியின் உடம்புக்குள் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்ணிய பாசிகள், கடல் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடேறி அது சில வாரம் நீடித்தாலே வெளியேறிவிடுகின்றன. பிறகு வெளியே தெரிவது வெளுத்த கூடுதான். 2010ஆம் ஆண்டுக் கோடையில் அந்தமானில் அப்படிப் பெருமளவு வெளுத்துப் போயிற்றாம்.

இனி செய்திக்கு வருகிறேன். நேற்று மாலை நீ அலுவலகத்தில் இருந்தபோது உன் ஆத்தா சின்னவளைத் தொலைபேசியில் அழைத்து, ஏதும் தெரியாதவள்போல, "துண்டுக்குள் என்னம்மா வைத்தாய்?" என்று கேட்டாள். அவள் சொன்ன பதில் இது: "அப்பத்தா, வளவில் சுவர் உடைந்திருக்கிறதல்லவா, அதைப் பூசுவதற்கு."

தவறு என்னுடையது, தம்பி. புறப்படுவதற்கு முதல் நாள், நம் வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில், சுவர்ப் பூச்சு உதிர்ந்த இடத்தை அவள் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடல் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் கலந்து பூசிய சுவர் இது என்றும், இப்போது அந்தச் சரக்குக் கிடைக்காததால்தான் அப்படியே விட்டிருக்கிறேன் என்றும் பெருமையாகச் சொன்னவன் நான். கிளிஞ்சலும் பவளப்பாறையும் ஒரே சுண்ணாம்புதான். அவள் கணக்குப் பிசகவில்லை.

ஆனால் அந்தப் பெருமைக்கு மறுபக்கம் ஒன்று இருப்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று எண்ணி வந்தார்கள். அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையைப் பல காலம் வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். அலையைத் தாங்க அரணில்லாத தீவு எத்தனை நாள் நிற்கும்? நம் வீடுகளில் உள்ள பர்மாத் தேக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், அந்தக் காடு என்ன ஆயிற்று என்று கேட்டதில்லை. சுண்ணாம்பு விஷயத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறோம்.

ஆகவே நீ அவளைக் கண்டிக்க வேண்டாம். சட்டத்தைச் சொல்லி மிரட்டவும் வேண்டாம். அவளுக்குத் தனியாக நானே எழுதுகிறேன். விரல் நீளக் கிளை வளர்வதற்குக் கடலில் பல மாதங்கள் ஆகும் என்பதையும், உருண்டைப் பாறையாக இருந்தால் அதே அளவுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதையும், செத்த கிளையின் மேல்கூடப் புதிய பவளம் வந்து ஒட்டும் என்பதையும் அவளுக்குப் புரியும்படி நானே சொல்கிறேன்.

அந்தக் கிளையைப் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். நீங்கள் ஜூன் விடுமுறைக்கு வரும்போது ராமேசுவரம் போகிற வழியில் மண்டபத்தில் இறங்கி, வனத்துறை அலுவலகத்தில் அவள் கையாலேயே அதைக் கொடுக்கச் செய்து, நடந்ததை நடந்தபடி நான் சொல்லிவிடுகிறேன். அதுவரை அது என் பொறுப்பு. வளவுச் சுவருக்கு ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். சரக்கு எங்கிருந்து வாங்குகிறார் என்பதைக் கேட்ட பிறகுதான் வேலையைத் தொடங்கச் சொல்வேன்.

என் மூக்குக் கண்ணாடிக் கூடு இங்கே இல்லை. உங்கள் பெட்டியில் யாராவது வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அப்பச்சி